தேசபக்திக் கலையின் பொருள்

கலையில் உருவம் முதன்மையானதா, உள்ளடக்கம் முதன்மையானதா என்னும் வழக்கு எமது இலக்கிய உலகிலே பல்லாண்டுகளாக நடந்து வருகின்றது. நாம் உள்ளடக்கத்தின் பக்கமே நின்று வந்துள்ளோம். இன்றும் அங்கேயே நிற்கின்றோம். ஆயினும் இவ்வழக்கிலே இரு கட்சியாரும் அழைக்க மறந்துவிட்ட சாட்சி ஒன்று உண்டு. படைப்பு எதனால் ஆயது, யாருடைய கையால் ஆயது, எவ்வழியாக மக்களை வந்தடைந்தது என்பதே அச்சாட்சி. கவிதையைப் பற்றிப் பேசும்போது இம்மறதி எம்மை அதிகம் உறுத்துவதில்லை. ஓவியம், சிற்பம், கொடி முதலியவற்றைப் பற்றி, அதிலும் தேசபக்தியின் பெயரால் எழுந்தவற்றைப் பற்றிப் பேசப் புகும்போது இம்மறதி பெருந் தவறாக முடிகின்றது.

இத்தவறு எமக்கு உணர்த்தப்பட்டது வகுப்பறையிலே என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பாரதியாரின் தேசியப் பாடல்களைக் கற்பிக்கும்போது, பாரதமாதா என்னும் கற்பனை ஓவியத்தில் எவ்வாறு இடம்பெற்றது என்று காட்டுவதற்காக இரு படங்களைக் கொண்டு சென்றிருந்தோம். ஒன்று அவனீந்திரநாத் தாகூர் 1905 ஆம் ஆண்டு வரைந்த பாரதமாதா. மற்றது கலண்டரிலே வந்த பாரதமாதா. சிங்கமும் கிரீடமும் தேசப்படமும் கூடியது. இரண்டும் ஒரே கருத்தையே கூறுகின்றன என்று நாம் விளக்கிக்கொண்டிருக்கையில், பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், உது ரெண்டும் என்னத்தாலை செய்தது?” என்று கேட்டாள். விடை கூற எம்மால் இயலவில்லை. பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் பாட்டின் பொருளை ஆராய்ந்த எமக்கு, படத்தின் பொருளை அறியத் தெரியவில்லை.

பொருள் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். கருத்துக்கும் அதுவே சொல். கையாலே தொடும் பண்டத்துக்கும் அதுவே சொல். செல்வத்துக்கும் அதுவே சொல். மூன்றையும் ஒரே சொல்லால் வழங்கிய சமூகத்தின் வாரிசுகளாகிய நாம், முதலாவதை மட்டும் திறனாய்வுக்கென எடுத்துக்கொண்டு, மற்றைய இரண்டையும் கடைக்காரரிடம் விட்டுவிட்டோம்.

அவனீந்திரநாதரின் படத்தையே முதலிற் பார்ப்போம். வங்காளம் பிரிக்கப்பட்டு, அந்நியத் துணிப் பகிஷ்காரம் மூண்ட ஆண்டிலே பிறந்தது அது. காவி உடுத்த இளந்துறவி ஒருத்தி, நான்கு கைகள், நெற்கதிர், வெண்துணி, ஏடு, செபமாலை. உணவும் உடையும் கல்வியும் ஆன்மிகமும் தருபவள் என்பது கருத்து. இதுவரை எல்லோரும் கூறுவர். ஆனால் அப்படம் ஓரடிக்கும் குறைந்த உயரமும் அதிற் பாதியளவே அகலமும் உடைய சிறு நீர்வண்ண ஓவியம் என்பதைக் கூறுவார் சிலரே. வண்ணம் தீட்டிய தாளை நீரிலே தோய்த்து, உலர்த்தி, மீண்டும் தீட்டி, மீண்டும் தோய்த்து உருவாக்கும் முறையில் அது வரையப்பட்டது. 1903 ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கு வந்திருந்த யொகொயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ என்னும் யப்பானிய ஓவியர்களிடமிருந்து அவனீந்திரநாதர் பெற்ற முறை அது. அம்முறை எல்லைக் கோடுகளைக் கரைத்துவிடும். பனியினூடே தோன்றுவது போல உருவம் நிற்கும். ஆகவே அத்தாய்க்குத் தசையின் கனமில்லை, நிலம் இல்லை, அவள் நிற்கும் ஊரும் இல்லை. சுதேசியத்தின் தாயை வரைந்த கை பிறநாட்டு முறையைக் கைக்கொண்டதே என்று நகைப்பாரும் உளர். நாம் நகைக்கமாட்டோம். ஆங்கிலக் கலைக்கல்லூரியின் எண்ணெய் வண்ணத்தை விலக்கி ஆசியாவின் முறையொன்றைத் தேர்ந்ததே அன்று ஓர் அரசியற் செயல்தான்.

குறை வேறிடத்தில் உள்ளது. நிவேதிதை அம்மையார் இப்படத்தைக் கண்டு மகிழ்ந்து, கேதாரநாதம் முதற் குமரிமுனை வரை ஒவ்வொரு குடியானவன் குடிசையிலும் இது தொங்க வேண்டும், பல்லாயிரமாக அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்று விரும்பி எழுதினார். விருப்பம் நல்லதே. ஆனால் அதற்கு இடங்கொடாத பொருளால் அப்படம் ஆகியிருந்தது. நீரிலே கரைந்த வண்ணத்தின் நுண்மையே அதன் உயிர். மலிவான அச்சிலே முதலில் இறப்பதும் அந்நுண்மையே. யப்பானிய ஓவியர் ஒருவர் அதனைப் பெரிதாக்கிப் பட்டுக்கொடியாக வரைந்து தர, சுதேசி ஊர்வலங்களிலே அது எடுத்துச் செல்லப்பட்டது. பட்டு ஊர்வலத்தின் முன்னே சென்றது. குடிசைச் சுவருக்கு அது வரவில்லை.

குடிசைச் சுவருக்கு வந்தது வேறொரு தாய். 1894 ஆம் ஆண்டு பம்பாயிலே ரவிவர்மாவின் அச்சகம் ஜேர்மனிய யந்திரங்களோடும் ஜேர்மனியத் தொழில் வல்லுநரோடும் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு கல்லாகப் பல கற்களிலே ஒரே தாளை அழுத்தி எடுத்து, எண்ணெய் ஓவியம் போன்ற மினுக்கத்தை அத்தாளுக்கு ஏற்றும் தொழில் அது. அதற்கு முதல் வேண்டும். முதலுக்கு விற்பனை வேண்டும். விற்பனைக்கு எல்லோருக்கும் பழகிய முகம் வேண்டும். இலக்குமியும் சரசுவதியும் அவ்வாறே வீடுதோறும் புகுந்தனர். பின்னர்த் தேசத்தாயை அச்சிட முன்வந்த அச்சகங்கள், இத்தெய்வங்களின் உடலையே கடன் வாங்கி அவளுக்கு அளித்தன. பொன்னாபரணம், பட்டுச்சேலை, செழித்த கன்னம் யாவும் அக்கடனிலே வந்தவை. பிற்காலத்தில் சிவகாசியின் அச்சு யந்திரங்கள் அவளைக் கலண்டருக்குக் கொண்டு வந்தன. யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் அவள் அவ்வழியே வந்து சேர்ந்தாள். எமது பாட்டனார் வீட்டுச் சுவரிலே சட்டமிட்டுத் தொங்கிய காந்தி படமும் அவ்வகையினதே. திகதித்தாள் தீர்ந்ததும் படத்தை வெட்டிச் சட்டத்துள் இட்டிருந்தார்கள். ஆயினும் காந்தியின் காலடியிலே புடைவைக் கடையொன்றின் பெயர் பாதி தெரிந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் இனாமாகக் கொடுத்த தேசபக்தி அது. இனாம் என்பதாலேயே அது ஏழை வீட்டிலும் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கலண்டர்ப் படத்தை ஏளனஞ் செய்யும் கலாரசிகர்கள் இவ்வுண்மையை எண்ணிப் பார்ப்பதில்லை.

நுண்மை எட்டாத இடத்துக்கு மலிவு எட்டியது. மலிவு எட்டிய இடத்திலே வணிகன் நின்றான். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று இருக்கவில்லையா?

அவ்வழியைத் தேடியவர் அவனீந்திரரின் மாணவரான நந்தலால் போஸ். 1930 ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது அவர் செய்த “பாபுஜி” என்னும் படம் பலருக்கும் தெரிந்ததே. கோலூன்றி நடக்கும் காந்தி; கருமையும் வெண்மையும் அன்றி வேறு நிறமில்லை. லினோலியத்திலே உளியால் வெட்டி மையிட்டு ஒற்றிய படம் அது. லினோலியமோ ஆங்கிலேயர் வீட்டுத் தரைக்கென ஆங்கிலேயத் தொழிற்சாலையிலே தோன்றிய பண்டம். அதனை எடுத்துக் கத்தி கொண்டு வெட்டினால் நிழலும் மென்மையும் வராது. வெட்டியது வெண்மை, விட்டது கருமை. நடை ஒன்றையே காட்ட வேண்டிய படத்துக்கு இதனினும் ஏற்ற பொருள் கிடையாது. எனவே, சொந்த நாட்டுப் பொருளென்றால் நன்று, அந்நியப் பொருளென்றால் தீது என்று வாய்பாடு கட்டுவோர் எம்மைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

நந்தலாலின் பெருமுயற்சி 1938 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே ஹரிபுராவில் நிகழ்ந்தது. குஜராத்தில் தபதி நதிக்கரையிலுள்ள சிற்றூர் அது. அங்கு கூடிய காங்கிரஸ் மகாசபைக்குச் சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்தார். மகாசபையைப் பட்டணத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும், கிராமத்திலே கிடைக்கும் பொருள்களாலேயே அரங்கமைக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். 1936 ஆம் ஆண்டு பைஸ்பூரிலே மூங்கிலும் கூரைப்புல்லும் கொண்டு நந்தலால் அதனைச் செய்து காட்டியிருந்தார். ஹரிபுராவிலோ ஓவியங்களுக்கே முதலிடம். எண்பதுக்கு மேற்பட்ட படங்களைத் தாமே வரைந்தார். சாந்திநிகேதனத்துக் கலாபவன மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் பிரதிகள் வரைந்தனர். யாவுமாக ஏறத்தாழ 400 படங்கள் வாயில்களையும் கொட்டகைகளையும் அணி செய்தன.

அவை எதனால் ஆயின? கையாற் செய்த கடதாசியை மட்டையிலே ஒட்டி, மண்ணிலிருந்து எடுத்த நிறங்களைப் பசையோடு குழைத்துத் தீட்டினார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டடிச் சதுரம். கைக்கடதாசி நீரை உடனே உறிஞ்சிவிடும். மண்நிறம் வைத்த இடத்திலேயே உலர்ந்துவிடும். ரவிவர்மாவின் கன்னத்து மினுக்கமும் அவனீந்திரரின் பனியும் இங்கே சாத்தியமில்லை. தூரிகை ஒருமுறை ஓடியது ஓடியதுதான். ஆகவே தடித்த கோடு, தட்டையான நிறம், ஒரே உருவம், சுற்றிலும் வளைவு. வங்கத்துப் படுவர்கள் வரையும் பட ஓவியத்தின் சாயலென்று இதனைக் கலை வரலாற்றாசிரியர் கூறுவர். சரியே, ஆனால் சாயலை நாடி மட்டும் அவர் இப்பொருளை எடுத்தாரல்லர். மலிவும் விரைவும் பலர் கை சேரும் வசதியும் வேண்டின. படுவர்க்கும் அவையே வேண்டியிருந்தன. ஒத்த தேவை ஒத்த கோட்டைப் பிறப்பித்தது.

படங்களிலே காண்பவர் யார்? குயவன், தச்சன், செம்மான், பஞ்சு கொட்டுபவன், தையற்காரன், நூல் நூற்கும் பெண், மத்தளம் கொட்டுபவன், மல்லன். தலைவர்களின் பவனியன்று, தேசத்தாயும் மையத்தில் இல்லை. மண்ணைக் குழைத்துத் தீட்டிய படத்திலே மண்ணைக் குழைக்கும் குயவன் அமர்ந்திருக்கின்றான். படம் செய்த தொழிலும் படத்திலே காட்டிய தொழிலும் ஒன்றையொன்று நோக்குகின்றன. அச்சுக்கல்லிலே எத்தனை நிறம் ஏற்றினும் இது கைகூடாது. பிரதி வரைந்த மாணவர்களின் பங்கையும் இங்கே நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஒருவர் மூலம், மற்றையோர் நகல் என்ற பிரிவினை அங்கே தளர்ந்து, பட்டறையிலே பலர் கூடிச் செய்யும் வேலைபோல் ஆகிவிட்டது. தேசம் என்பது கூட்டுழைப்பு என்று சொல்லாமலே சொல்லும் முறை அது.

இத்தோடு நிறுத்தினால் நாமும் புகழுரைகாரராகி விடுவோம். (அதே மகாசபையிலே தலைவரை 51 காளைகள் பூட்டிய இரதத்தில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்பதையும் நினைவிற் கொள்க. அதுவும் ஊர்ப்பொருள்தான்!) ஹரிபுரா அமைந்த தென் குஜராத்திலே ஹாலி என்னும் முறை அன்று வழக்கிலிருந்தது. துப்ளா எனப்பட்ட மக்கள் கடனாற் கட்டுண்டு, தந்தைக்குப் பின் மகனாக நிலவுடைமையாளரின் வயலிலும் வீட்டிலும் உழைத்து வந்தனர். நாம் அறிந்த ஹரிபுராப் படங்களுள் எதிலும் இவ்வுறவு இல்லை. ஒவ்வொருவனும் தனித்தே அமர்ந்து தன் தொழிலைச் செய்கின்றான். அவனுக்குமேல் எசமானன் இல்லை, கைமாறும் கூலி இல்லை, கடன்சீட்டு இல்லை. வளைவினுள் ஒருவன் என்று வகுத்துக்கொண்ட அமைப்பே இவற்றை வெளியே நிறுத்திவிடுகின்றது. இருவரை ஒரே சட்டத்துள் வைத்திருந்தால், ஒருவன் நிற்பதையும் மற்றவன் அமர்ந்திருப்பதையும் காட்ட நேர்ந்திருக்கும். ஊரின் மண்ணும் மூங்கிலும் புல்லும் உள்ளே வந்தன. ஊரின் உற்பத்தி உறவு உள்ளே வரவில்லை. பொருள் நேர்மையானது என்பதனால் மட்டும் படைப்பு முழு உண்மையைக் கூறிவிடுவதில்லை.

இவ்வளவு குறையும் கூறிய பின்னரும், இந்நூற்றாண்டின் விடுதலைப் போராட்டங்கள் எழுப்பிய கலையிலே ஹரிபுராப் படங்களுக்கு நிகரானவை மிகச் சிலவே என்பதே எமது தீர்ப்பு. சென்ற நூற்றாண்டின் என்று எழுதியிருக்க வேண்டும், பழக்கம் விடவில்லை. சில நாட்களுக்கென வரைந்த அப்படங்களிற் பெரும்பாலானவை இன்று புதுடில்லித் தேசிய நவீன கலைக்கூடத்தில் உள்ளன. நந்தலாலின் படைப்புகள் கலைச் செல்வமென இந்தியச் சட்டத்தாற் காக்கப்படுவன. 2019 ஆம் ஆண்டு வெனிஸ் நகரத்துக் கலைக் கண்காட்சியிலே இந்திய அரங்கில் ஹரிபுராப் படங்கள் சில வைக்கப்பட்டன. வழிப்போக்கன் நின்று பார்ப்பதற்காக மட்டையில் ஒட்டிய கடதாசி, இப்போது காவலும் குளிர்சாதனமும் சூழ நிற்கின்றது. கோடும் நிறமும் மாறவில்லை; செம்மானும் மாறவில்லை. ஆயினும் ஹரிபுராவிலே அவன் தன்னைப் போன்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெனிசிலே அவனை இந்தியா என்று பார்க்கின்றார்கள்.

படத்தைவிடக் கொடியிலே இவ்விடயம் இன்னும் கூர்மையாகத் தெரியும். கொடியும் தேசபக்திக் கலையே. பெரும்பாலான மக்கள் தம் கையிலே ஏந்தும் ஒரே கலைப்பொருள் அதுவாகவே இருக்கலாம். காந்திக்குக் கதர் வெறும் துணியன்று. 1924 ஆம் ஆண்டு பெல்காம் மகாசபையிலே காங்கிரஸ் உறுப்பினர் தம் சந்தாவை நூலாகச் செலுத்த வேண்டும், மாதம் 2,000 கெஜம், என்று முடிவாயிற்று. நெடுநாள் நிலைக்கவில்லை, அடுத்த ஆண்டிலேயே அது தளர்த்தப்பட்டது. ஆயினும் அதன் தருக்கத்தைப் பாருங்கள்: உழைப்பை அளக்கலாம், உழைத்தவனே உறுப்பினன். 1927 ஆம் ஆண்டு நவம்பரிலே மாணவர் காங்கிரசின் அழைப்பில் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது, எம்மவர் அவர் கையிற் கொடுத்த பணமும் கதர் நிதிக்கே சென்றது. எனவே கதரைப் பற்றிப் பேசுவது எமக்கு அயல்வீட்டுக் கதையன்று.

1947 ஆம் ஆண்டு யூலை 22 இல் அரசியல் நிர்ணய சபை கொடியை ஏற்றபோது இராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரம் நடுவில் வந்தது. காந்திக்கு அம்மாற்றம் உவப்பாக இருக்கவில்லை. இராட்டை சின்னமாக இருந்த இடத்தை விட்டு நீங்கிற்று. ஆனால் துணியாக இருந்த இடத்தில் நின்றது. கொடியைக் கையால் நூற்றுக் கையால் நெய்த கதரிலேயே செய்தல் வேண்டும் என்பது விதியாயிற்று. கருநாடகத்து ஹுப்ளி நகரின் பெங்கேரியிலுள்ள கதர்ச் சங்கத்தின் நிலையத்தில், பெரும்பாலும் பெண்களே, நூலின் தடிப்பையும் தையலின் எண்ணிக்கையையும் அளந்து அளந்து கொடி தைத்து வருகின்றனர்.

2021 ஆம் ஆண்டு டிசெம்பர் 30 இல் அவ்விதி திருத்தப்பட்டது. யந்திரத்தில் நெய்த துணியும் பொலியெஸ்டரும் அனுமதிக்கப்பட்டன. அடுத்த ஓகஸ்டிலே, சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவை ஒட்டி, வீடுதோறும் கொடியேற்றும் இயக்கம் நடைபெற்றது. பெங்கேரியார் ஆட்சேபித்தனர். எதிர்த்தரப்பின் வாதத்தையும் நாம் ஒதுக்கிவிடல் முறையன்று. கதர்க்கொடி விலை கூடியது. ஏழையின் கூரைக்கு எட்டாதது. திருத்தத்துக்கு முன்னரே தெருவெங்கும் கடதாசியும் பிளாஸ்திக்கும் பறந்தவைதாமே? யந்திரத்திலே நெய்பவனும் தொழிலாளியல்லனா? கைத்தொழிலை மட்டும் புனிதமாக்கி ஆலைத்தொழிலாளியை மறப்பது முற்போக்காகாது என்பதையும் நாம் ஏற்கின்றோம்.

ஆனால் இங்கு வினா எது மலிவு என்பதன்று. நிறம் அதுவே, சக்கரம் அதுவே, அளவு அதுவே. கொடி கூறும் செய்தியும் அதுவேயா? கதர்க்கொடியின் கருத்து அதன் மேல் அச்சிடப்பட்டதன்று, நூலுள்ளே முறுக்கப்பட்டது. இன்னார் இத்தனை நாழிகை உழைத்தனர் என்பதற்கு அது சாட்சி. பொலியெஸ்டர்க் கொடி அச்சாட்சியத்தின் படம். படம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. படத்தைச் சாட்சியென்று விற்பதையே மறுக்கின்றோம். ஆலைக் கொடியே வேண்டுமாயின், அதனைச் செய்த ஆலைத்தொழிலாளியின் கூலியும் நேரமும் அக்கொடியின் பேச்சிலே இடம்பெறட்டும். அந்த இயக்கத்தின் முழக்கங்களிலே அவனுக்கோ அவளுக்கோ ஒரு சொல்லும் இருக்கவில்லை.

சிலைகளைப் பற்றி விரிக்க இங்கே இடமில்லை. எனினும் ஒன்றை விட முடியாது. 1928 ஆம் ஆண்டு பர்தோலி விவசாயிகளின் வரிமறுப்பை நடத்தியவரும் ஹரிபுரா மகாசபையை முன்னின்று ஏற்பாடு செய்தவருமான வல்லபாய் பட்டேலுக்கு, அதே குஜராத்திலே 2018 ஆம் ஆண்டு ஒக்டோபரில் 182 மீற்றர் உயரமான சிலை திறக்கப்பட்டது. 2013 ஆம் ஆண்டு, அச்சிலைக்கென நாடெங்கும் விவசாயிகளிடம் பழைய இரும்புக் கருவிகள் கேட்டுப் பெறப்பட்டன. கலப்பைக்கொழு சிலையாவது எத்துணை நல்ல கற்பனை! அவ்விரும்பு சிலையிலே சேரவில்லை. திட்டத்தின் வேறு பகுதிகளுக்குச் சென்றது. சிலையின் உள்ளே கொங்கிறீற்றும் உருக்கும். வெளியே வெண்கலத் தகடுகள். அத்தகடுகள் சீனத்து வார்ப்பாலையிலே வார்க்கப்பட்டு வந்தன. சீனத்தில் வார்த்ததற்காக நாம் குறை கூறவில்லை. யப்பானிய முறையையும் ஆங்கிலேய லினோலியத்தையும் ஏற்ற பின் அதற்கு எமக்கு நாவில்லை. விவசாயியிடம் இரும்பைக் கேட்டபோது அவனுடைய கொழுவைக் கேட்டார்களா, அவனுடைய பெயரைக் கேட்டார்களா என்பதே எமது கேள்வி. எமது நாட்டிலும் சந்திதோறும் சீமெந்துச் சிலைகள் எழுகின்றன. யாருடைய சிலை, எந்தத் திசையை நோக்கி நிற்பது என்று சண்டையிடுகின்றோம். சீமெந்து குழைத்தவனுக்கு அன்று என்ன கூலி என்று எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

வகுப்பறைக்குத் திரும்புவோம். இத்தவணை அம்மாணவர்களிடம் வேறொரு வேலை கொடுத்தோம். கடையில் வாங்கிய வண்ணப்பெட்டி கூடாது. காவிமண், கரி, சுண்ணாம்பு ஆகியவற்றைப் பசையிலே கரைத்து, முரட்டுக் கடதாசியிலே, தத்தம் ஊரில் உழைக்கும் ஒருவரை வரைந்து வருமாறு கூறினோம். வலை பொத்தும் தகப்பன், வெங்காயம் பிடுங்கும் பெண், சீவல் தொழிலாளி எனப் பலரும் வந்தனர். அன்று கேள்வி கேட்ட மாணவி தன் தாயை வரைந்திருந்தாள்; தையல் ஆலையிலே யந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண். பக்கத்திலே இன்னோர் உருவமும் இருந்தது. நின்றுகொண்டு மணிக்கூட்டைப் பார்ப்பவர். முகம் சரியாக வரவில்லை என்று அவளுக்குப் பெரும் மனக்குறை. “அழிக்கவும் ஏலாமல் கிடக்கு, நிழலும் போட வருகுதில்லை, சேர்” என்றாள்.